கூண்டெல்லாம் இறகு... பந்தயப் புறாவுக்கு என்னாச்சு?

மொட்டை மாடிக் கூண்டைத் திறந்தால் தரையெல்லாம் இறகு. போன மாசம் வரை பளபளவென்று இருந்த ஹோமர் புறா, கழுத்தெல்லாம் முள் முள்ளாக, பாதி உரித்த தேங்காய் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. புதிதாகப் புறா வளர்க்கும் தம்பிகளுக்கு இதைப் பார்த்ததும் பகீர் என்றுதான் இருக்கும். நோயா, பூச்சியா என்று மருந்து தேடக் கிளம்பிவிடுவார்கள்.

நோய் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை பழைய இறகைக் கொட்டிவிட்டு புது இறகு போட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்காக 'தானா சரியாயிடும்' என்று விட்டுவிடவும் முடியாது. இறகு வளர்ந்து முடிந்துவிட்டால் அது நம் நகம் போல உயிரில்லாத பொருள். வளர்கிற நாட்களில் புறா பட்டினி கிடந்தாலோ, உடம்புக்கு முடியாமல் போனாலோ, அந்த இடத்தில் குறுக்காக ஒரு மெல்லிய கோடு விழும். அடுத்த வருஷம் அந்த இறகு கொட்டும் வரை கோடு போகாது. இறகு முறிந்தால் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் முறியும். ஆண்டின் முதல் மாதங்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வீடு திரும்ப வேண்டிய புறாவுக்கு, அந்தப் பயணத்துக்கான இறக்கை இப்போதுதான் தயாராகிறது. 'மாரி' படத்தில் பந்தயத்தைக் காட்டினார்கள். இந்த மாதங்களை எந்தப் படத்திலும் காட்ட மாட்டார்கள்!

இறக்கையை எண்ணிப் பாருங்க

யூடியூபில் பெல்ஜியம், இங்கிலாந்துக்காரர்கள் சொல்லும் மாதக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே கோடைப் பகலும் குளிர்காலப் பகலும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பகல் நீளத்தை வைத்துத்தான் புறாவின் உடம்பு இறகு கொட்ட ஆரம்பிக்கிறது. குஞ்சுகளைப் பந்தயத்துக்குத் தயார் செய்ய, கூண்டை இருட்டாக்கி இறகு உதிர்வைத் தள்ளிப்போடுகிறவர்கள்கூட அங்கே உண்டு. சென்னையில் ஆண்டின் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். அதனால் காலண்டரைவிட இறக்கையை நம்புவது நல்லது.

புறாவைக் கையில் பிடித்து, ஒரு இறக்கையை மெதுவாக விரியுங்கள். வெளிப்பக்கம் பெரிய இறகுகள் 10 இருக்கும். இறக்கையின் நடுவிலிருந்து நுனியை நோக்கி 1, 2, 3 என்று எண்ணுங்கள். கொட்டுவதும் இதே வரிசையில்தான். ஒன்று விழுந்து, புதியது ஓரளவு வளர்ந்த பிறகே அடுத்தது விழும். இரண்டு இறக்கையிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடப்பதால் புறா தடுமாறாமல் பறக்கிறது. பத்தும் மாறி முடிய ஆறு மாதம் வரை ஆகலாம். பாதி தாண்டிய பிறகுதான் கழுத்து, மார்பு இறகுகள் கொத்துக் கொத்தாக விழும். கூண்டைப் பெருக்கி மாளாத வாரங்கள் அவைதான். சாப்பாட்டில் கஞ்சத்தனம் கூடாத வாரங்களும் அவைதான்.

இட்லி மாவுக் கணக்கு

இறகு கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். அதிலும் கந்தகம் உள்ள புரதக்கூறுகள் நிறையத் தேவை. 'புரதம்தானே' என்று பட்டாணியும் பச்சைப்பயறும் மட்டும் அள்ளிப் போட்டால் போதாது. பயறு வகைகளில் அந்தக் கூறு குறைவு. தானியத்திலும் எள், சூரியகாந்தி விதையிலும் அதிகம். அரிசியும் உளுந்தும் சேர்ந்தால்தானே இட்லி? அதே கணக்குதான் இங்கேயும். பத்து கைப்பிடி தீனி கலந்தால் ஆறு பங்கு கம்பு, சோளம், மக்காச்சோளம், கோதுமை. மூன்று பங்கு பயறு, பட்டாணி. மீதி ஒரு பங்கு எள், ஆளி விதை, சூரியகாந்தி. கூடவே சிப்பித்தூள், செங்கல் பொடி எப்போதும் இருக்கட்டும். மழைக்காலத்தில் பூஞ்சை வாடை அடிக்கும் நிலக்கடலையை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், குப்பையில் போட்டுவிடுங்கள்.

அடுத்ததைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். வீட்டு மருந்து டப்பாவில் குடல்புழு மாத்திரை இருக்கும். பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆல்பென்டசோல்தான் அது. இதை உடைத்துப் புறாவின் தண்ணீரில் கலக்காதீர்கள். ஆல்பென்டசோல், ஃபென்பென்டசோல் போன்ற மருந்துகள், வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும். இறகு முளைக்கும் இடத்தில் அப்படிப்பட்ட செல்கள்தான் இருக்கின்றன. இறகு கோணலாக வளர்வதோடு போனால் அதிர்ஷ்டம். எலும்பு மஜ்ஜையும் குடலும் பாதிக்கப்பட்டு புறாக்கள் செத்தே போயிருக்கின்றன. புழு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் எச்சத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போங்கள். எந்த மருந்து, எவ்வளவு என்பதை அவர் சொல்லட்டும்.

முளைக்கும் இறகின் குழலுக்குள் ரத்தம் ஓடும். அதனால் பாதி வளர்ந்த இறகைப் பிடுங்குவது, குழந்தைகள் விளையாட்டாக இழுப்பது இரண்டுமே வேண்டாம். உடைந்து ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நிற்கவில்லை என்றால் மருத்துவமனைதான்.

ஆணையும் பெண்ணையும் பிரித்து வையுங்கள். முட்டை, குஞ்சு, புது இறகு மூன்றையும் ஒரே உடம்பு தாங்காது. வாரத்துக்கு இரண்டு நாள் வெயில் நேரத்தில் அகலமான பேசினில் தண்ணீர் வைத்தால் தானாக இறங்கிக் குளிக்கும். குளித்து முடித்ததும் அழுக்குத் தண்ணீரைக் குடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள். இறக்கையில் ஓட்டை விழுந்த புறாவை வல்லூறு சுலபமாகப் பிடித்துவிடும். நீண்ட பறத்தல் இப்போது வேண்டாம்.

இந்தக் காலத்தில் கூண்டில் தூசியும் அதிகம். புறாத் தூசி நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியைக் கொண்டுவரும். பெருக்கும் முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். ஆஸ்துமா உள்ள தாத்தா பாட்டியிடம் இந்த வேலையைத் தள்ளிவிடாதீர்கள்.

எப்போது மறுபடி பயிற்சிக்கு விடலாம்? 10-வது இறகு முழு நீளத்துக்கு வந்து, அதன் அடிக்குழலில் ரத்த நிறம் மறைந்து வெள்ளையாகத் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் முடிந்திருந்தால் இன்னும் சில நாள் பொறுங்கள்.