அலபாஸ்டரா, ப்யூர் ஒயிட்டா?

"வெள்ளைன்னா வெள்ளைதானே, அதுல என்ன ரெண்டு?" என்று கேட்கும் கட்சியில்தான் நானும் இருந்தேன். அமெரிக்காவில் வாடகை வீட்டைக் காலி செய்யும்வரை.

சுவரில் ஏழெட்டு ஆணி ஓட்டைகள். அடைத்துப் பூசிவிட்டால் அட்வான்ஸ் முழுசாகத் திரும்பும் என்று ஆசை. ஷெர்வின் வில்லியம்ஸின் ப்யூர் ஒயிட் ஒரு சின்ன டப்பா வாங்கிப் பூசினேன். காய்ந்ததும் சுவரில் தேமல் படர்ந்த மாதிரி ஏழெட்டுத் திட்டுகள்! அங்கே ஏற்கெனவே இருந்தது அதே கம்பெனியின் அலபாஸ்டர் என்பது, முழுச் சுவரையும் திரும்ப அடித்த கூலி அட்வான்ஸில் கழிந்தபோதுதான் தெரிந்தது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். சுவரில் விழும் ஒளியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதற்கு எல்.ஆர்.வி என்று ஓர் அளவு உண்டு. 0 என்றால் கறுப்பு, 100 என்றால் வெள்ளை. அலபாஸ்டருக்கு 82, ப்யூர் ஒயிட்டுக்கு 84. கம்ப்யூட்டர் திரைக்கான ஆர்.ஜி.பி எண்களில் அலபாஸ்டர் 237, 234, 224. ப்யூர் ஒயிட் 237, 236, 230. சிவப்பில் வித்தியாசமே இல்லை. அலபாஸ்டரில் நீலம் 6 குறைவு. நீலம் குறைந்தால் மஞ்சள் எட்டிப் பார்க்கும். சூட்சுமம் பெரும்பாலும் அவ்வளவுதான்.

தனியாக இருக்கும்போது இது தெரியாது. நம் கண் அறையின் வெளிச்சத்துக்குப் பழகி, சுவரை வெள்ளை என்றே எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இன்னொரு வெள்ளை வந்தால்தான் குட்டு உடையும். அதனால் "எது நல்ல வெள்ளை?" என்ற கேள்வியே தப்பு. "எதன் பக்கத்தில், எந்த வெளிச்சத்தில்?" என்றுதான் கேட்க வேண்டும்.

என் கட்சி இதுதான். அங்கே வடக்கு பார்த்த ஜன்னலில் பெரும்பாலும் நேர் வெயில் வராது, வானத்தின் நீலம் கலந்த வெளிச்சம்தான். அந்த அறைக்கு அலபாஸ்டர். தெற்கு வெயில் அடிக்கும் அறை, 2700 கெல்வின் மஞ்சள் பல்பு எரியும் அறை, பளீர் வெள்ளைக் கதவும் டைல்ஸும் உள்ள அறை என்றால் ப்யூர் ஒயிட். அங்கே அலபாஸ்டர் அடித்தால் பழைய காகிதம் மாதிரி இருக்கும்.

2016-இல் அலபாஸ்டரை 'ஆண்டின் நிறம்' என்று கம்பெனியே அறிவித்தது. உங்கள் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டா அறிவித்தார்கள்? பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, காலை, மாலை, இரவு பல்பு வெளிச்சம் என்று மூன்று வேளையும் சுவரோரம் வைத்துப் பாருங்கள். ஓட்டை அடைப்பவர்கள், தயவுசெய்து முதலில் வீட்டுக்காரரிடம் பெயிண்ட் பெயரைக் கேளுங்கள் :-)