கட்டட மனையில் நிற்கும் மரம்

வீடு கட்டும் மனையில் ஒரு மரம் கோடரியால் வெட்டுண்டால் அதனை ஊரார் யாவரும் காண்கின்றனர். அனுமதி உண்டா என்று கேட்கவும் செய்கின்றனர். ஆனால், வெட்டாமல் விடப்பெற்ற மரம், வீட்டில் குடியேறிய மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் உச்சிக் கிளையிலிருந்து பட்டுக்கொண்டே வந்து மாயுமாயின், காரணம் கேட்பார் ஒருவரும் இலர். வறட்சி என்பர், பூச்சி என்பர். உண்மையில் அம்மரத்தின் அழிவு கடைக்கால் தோண்டிய நாளிலேயே தொடங்கிவிட்டதாகும்.

மரத்தின் வேர் தரைக்குள் ஆழச் சென்று மறைந்துவிடுகிறது என்னும் எண்ணமே இத்தவற்றுக்கு அடிப்படை. பெரும்பாலான மரங்களின் வேர்களில் மிகுதியானவை மேல்மண்ணின் 60 சென்டிமீட்டருக்குள் அடங்கியுள்ளன. அவை பக்கவாட்டில் பரவி, கிளைகளின் நிழல் எல்லையையும் கடந்து செல்கின்றன. இவ்வேர்களுக்கு நீரைப் போலவே காற்றும் இன்றியமையாதது. லாரிகள் ஏறி இறங்குவதாலும், செங்கல்லும் ஜல்லியும் குவிப்பதாலும் மண் இறுகி, அதன் நுண்துளைகள் அடைபடுகின்றன. மனையை மேடாக்கக் கொட்டும் மண் வேர்களை மூச்சுத் திணறச் செய்கிறது. கலவை கழுவிய சிமெண்டு நீர் மண்ணின் காரத்தன்மையை மிகுவிக்கிறது. அடிமரத்தை ஒட்டித் தோண்டும் பள்ளமோ உணவூட்டும் வேர்களோடு, மரத்தைத் தாங்கி நிற்கும் வேர்களையும் அறுத்துவிடுகிறது. சேமித்த உணவைக் கொண்டு மரம் சில ஆண்டுகள் தழைத்து நிற்பதால், குற்றம் வெளிப்படுவதில்லை.

அழித்தபின் ஈடுசெய்யலாம் என்னும் நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. 2018-ஆம் ஆண்டில் தென் தில்லியில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் முதலிய ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்கும் திட்டத்திற்காக 14,000-க்கும் மேற்பட்ட மரங்கள் வெட்டப்படவிருந்தன. மக்கள் எதிர்த்து எழுந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் தில்லி உயர்நீதிமன்றம் வெட்டுதலுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர், 2020-இல் தில்லி அரசு மரங்களைப் பெயர்த்து நடுவதற்கான கொள்கை ஒன்றை வகுத்து, பெயர்த்து நட்டவற்றில் 80 விழுக்காடேனும் பிழைக்க வேண்டும் என்று விதித்தது. ஆயினும், முந்தைய மூன்று ஆண்டுகளில் பெயர்த்து நடப்பெற்ற 16,461 மரங்களில் 5,487 மட்டுமே பிழைத்தன என்று 2022-இல் நீதிமன்றத்திற்குத் தெரிவிக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கே எஞ்சியது. எனவே, நின்ற இடத்திலேயே மரத்தைக் காப்பதே சிக்கனமான வழியாகும்.

சட்டம் இதனை உணராமல் இல்லை. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம், மரத்தை எவ்வகையிலேனும் சேதப்படுத்துவதையும் வெட்டுதலாகவே கொள்கிறது. மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்திற்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் ஆணையிட்டது. நடைபாதை மரத்திற்கு இது பெரும் உதவியே; ஆனால் கட்டட மனைக்கு ஒரு மீட்டர் போதாது. அடிமர விட்டத்தைப் போல் பன்னிரு மடங்கு ஆரமுள்ள வட்டத்தைக் காக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் தர விதி. இதனை எளிதாகக் கணிக்கலாம்: தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்து, ஏறத்தாழ நான்கால் பெருக்கினால் போதும். 140 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள வேம்புக்கு ஐந்தரை மீட்டர் ஆரம் வேண்டும்.

நகரில் நிலம் அரிது. இவ்வளவு இடத்தை ஒதுக்க இயலுமா என்று பொறியாளர் கேட்பது நியாயமே. எல்லா மரங்களையும் காக்க இயலாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், இருபது மரங்களைக் காப்பதாகக் கணக்கில் எழுதி, ஒன்றையும் காவாமல் விடுவதைவிட, நலமுள்ள ஐந்தைத் தேர்ந்து உண்மையாகவே காப்பது மேலாகும். அதற்கு வரைபடம் எழுதுமுன்னரே மரங்களை அளந்து குறித்தல் வேண்டும். முதல் லாரி வருமுன் வட்டத்தைச் சுற்றி உறுதியான வேலி அமைதல் வேண்டும். நீர்க் குழாய்க்கும் மின்கம்பிக்கும் ஒரே பள்ளம், வட்டத்திற்கு வெளியே, தோண்டப்பட வேண்டும். தவிர்க்க இயலாதவிடத்து இயந்திரத்தை விடுத்துக் கையால் தோண்டுதல் நலம். வேலிக்கு ஆகும் செலவு, வீட்டுச் செலவில் மிகச் சிறு பகுதியே.

மரத்தின் கணக்கு கட்டடம் முடிந்த நாளோடு முடிந்துவிடலாகாது. களப் பணியாளர் ஐந்து ஆண்டுகள் வரை அதே மரத்தை மீண்டும் பார்வையிட்டுப் பதிவு செய்வாராயின், உண்மையில் எத்தனை மரங்கள் பிழைத்தன என்பது புலப்படும். ஆசிரியர்கள் மாணவர்க்கு ஓர் அளவு நாடாவும் கயிறும் கொடுத்து, அருகில் நிற்கும் மரத்தைச் சுற்றி அதன் வட்டத்தைத் தரையில் வரையச் செய்யலாம். மரம் அடிமரத்தோடு முடிவதில்லை, காலடியில் பரந்து கிடக்கிறது என்பதைத் தம் கையால் அளந்தறிந்த சிறுவன், நாளை வீடு கட்டும்போது அந்த வட்டத்தினுள் செங்கல்லை இறக்க மாட்டான்.