பல்செட் பறக்குது... பாட்டி வர்றாங்க!

வீடியோ கேமில் எதிராளியை வீழ்த்த என்னவெல்லாம் வீசுவார்கள்? நெருப்புப் பந்து, மின்னல், கத்தி, கோடாலி. 1993-ல் ஜப்பானில் ஒரு எழுபத்தெட்டு வயதுப் பாட்டி பல்செட்டை வீசினார். 'டொக்'கென்று எதிராளி நெஞ்சில் பட்டது. ஆள் அவுட்.

சிரிக்காதீர்கள் ஸார். அடுத்ததைக் கேளுங்கள்.

அதே பாட்டி, ஏமாந்தவன் கிட்டே வந்தால் அப்படியே கட்டிப் பிடித்து, 'இச்'சென்று முத்தம் கொடுத்து, அவன் உயிர்ச் சக்தியை உறிஞ்சிவிடுவார். அவன் தள்ளாடுவான். பாட்டியோ கூன் நிமிர்ந்து, சுருக்கம் மறைந்து, இளம் பெண்ணாக நின்று அவனைப் பிரித்து மேய்வார். கொஞ்ச நேரம்தான். அப்புறம் பழையபடி பாட்டி.

ஆட்டத்தின் பெயர் ஜப்பானில் 'கோகெட்ஸுஜி இச்சிஸோகு'. கோகெட்ஸுஜி பரம்பரை என்று அர்த்தம். வெளிநாட்டுக்குப் போனபோது 'பவர் இன்ஸ்டிங்ட்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. தயாரித்தது அட்லஸ் கம்பெனி. பிற்பாடு 'பெர்சோனா' வரிசையால் உலகப் புகழ் அடைந்தார்களே, அவர்களேதான்.

கதை ரொம்ப சிம்பிள். பெரிய குடும்பம். அடுத்த தலைவர் யார் என்பதைச் சொந்தக்காரர்கள் அடித்துக்கொண்டு தீர்மானிக்க வேண்டும். இப்போது நாற்காலியில் இருப்பவர் ஓஉமே பாட்டி. அவருடைய இரட்டைச் சகோதரி ஓடானே பாட்டி, நாற்காலியைப் பிடுங்க வருகிறார். பாகப்பிரிவினைக்கு வக்கீல் வைக்காத குடும்பம், அவ்வளவுதான்.

இதை விமர்சகர்கள் எப்படி வரவேற்றார்கள், ரசிகர்கள் எப்படி வரவேற்றார்கள் என்பதுதான் இந்த வாரச் சமாசாரம். ரெண்டு பேரும் ஒரே ஆட்டத்தைத்தான் பார்த்தார்களா என்று எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

முதலில் விமர்சகர்கள் பக்கம். அவர்கள் மேல் முழுசாகப் பழி போட முடியாது. 1991-ல் காப்காம் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' வெளியிட்டு, காசு போட்டு ஆடும் மெஷின்களுக்கு முன்னால் உலகத்தையே க்யூவில் நிறுத்தியது. உடனே ஆளாளுக்கு ஒரு சண்டை ஆட்டம். எஸ்.என்.கே. 'ஃபேட்டல் ஃப்யூரி' என்றது, மிட்வே 1992-ல் 'மார்ட்டல் காம்பாட்' என்று ரத்தத்தை வாளி வாளியாகக் கொட்டியது. 1993-ல் செகாவின் 'வர்ச்சுவா ஃபைட்டர்' முப்பரிமாணத்தில் வந்து நின்றது. இந்தக் கூட்டத்தில் ஒரு தட்டை ஆட்டம், அதுவும் ரெண்டு கிழவிகளை நம்பி வந்தால் என்ன சொல்வார்கள்? 'இன்னொரு காப்பி' என்றார்கள். 1994-ல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்தபோதும் அமெரிக்காவில் பெரிசாக ஒன்றும் வரவேற்பில்லை.

அந்தக் கால விமர்சனம் என்பது மார்க் ஷீட். கிராஃபிக்ஸுக்கு இத்தனை, சத்தத்துக்கு இத்தனை, கன்ட்ரோலுக்கு இத்தனை. கூட்டி வகுத்தால் சராசரி. ஜாய்ஸ்டிக் கையிலிருந்து நழுவுகிற அளவுக்குச் சிரித்தோம் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. கட்டமே இல்லாத சப்ஜெக்டில் பாட்டி எப்படி பாஸ் ஆவார்?

'சிரிப்பு ஆட்டம் வேறு வரலையாக்கும்?' என்று கேட்பீர்கள். வந்தது. அதே 1993-ல் அமெரிக்காவில் இன்டர்ப்ளே கம்பெனி 'க்ளே ஃபைட்டர்' கொண்டுவந்தது. எல்லாரும் களிமண் பொம்மைகள். முரட்டுப் பனிமனிதன் ஒருவன், எல்விஸ் பிரஸ்லி மாதிரி முடி வைத்தவன் ஒருவன், கொம்பு வைத்த தொப்பியுடன் ஓபரா பாடும் குண்டம்மா ஒருத்தி. முதல் தடவை பார்த்தால் நிச்சயம் சிரிப்பு வரும். நூறாவது தடவை? அங்கே ஜோக் என்பது மேல் பூச்சு. வழித்துவிட்டால் உள்ளே மாமூல் குத்து, மாமூல் உதை. 1997-ல் நிண்டெண்டோ 64-க்கு 'க்ளே ஃபைட்டர் 63 1/3' என்று தலைப்பிலேயே கிண்டலோடு வந்தும் விமர்சகர்கள் துவைத்துக் காயப்போட்டார்கள். துணி அப்படி, என்ன செய்ய!

பாட்டி விஷயம் அப்படி இல்லை. இதுதான் நான் சொல்ல வந்த பாயின்ட். அந்த முத்தம் வெறும் ஜோக் அல்ல, ஆட்டத்தின் சட்டம். பாட்டியாக இருக்கும்வரை ஒரு விதமான சண்டை, இளமை வந்தால் வேறு விதம். அதனால் எதிரில் ஆடுகிறவன் பயந்து பயந்து தூரமாக நிற்பான். தூரமாக நின்றால் பல்செட் வரும்! கிட்டே போனால் முத்தம், தள்ளிப் போனால் பல். இதை யோசித்தவன் சாதாரண ஆள் இல்லை. முதல் தடவை சிரிக்கிறோம், பத்தாவது தடவை பயப்படுகிறோம், நூறாவது தடவை அதற்கு மாற்று கண்டுபிடிக்கிறோம். அப்புறமும் சிரிக்கிறோம். ஒருமுறை எம்பி, நடுவானத்தில் இன்னொரு முறை எம்பும் டபுள் ஜம்ப்பும் இதில் இருந்தது. காப்பி என்று சொன்னவர்கள் அதைக் கொஞ்சம் கவனித்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சண்டை ஆட்டங்களில் பெண் என்றால் இருபது வயது, ஒடிகிற இடுப்பு. கிழவி என்றால் ஆசீர்வாதம் பண்ணுவதற்கோ, கடத்தப்படுவதற்கோ மட்டும். இங்கே நாற்காலியில் கிழவி, நாற்காலிக்குப் போட்டியிடுபவரும் கிழவி. 'நமக்கெதற்கு இந்த வயசில்' என்று ரெண்டு பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அதற்காகவே நான் பாட்டி கட்சி.

எல்லா ஜோக்கும் மணம் வீசியது என்று சொல்ல மாட்டேன். இறகுத் தொப்பி செவ்விந்தியர், தலைப்பாகை அரேபியர் என்று சில பாத்திரங்கள் அரைத்த மாவு. இன்றைக்கு அவற்றைப் பார்த்தால் கொஞ்சம் நெளியத்தான் வேண்டியிருக்கிறது.

1994-ல் இரண்டாம் பாகம். மாயக்கோல் சுழற்றி உருமாறும் சிறுமி குராரா, நாய் வேஷம் போடும் பொடியன் கிந்தா என்று பாட்டிகளுக்குத் துணையாகப் புதுக் கூட்டம். 1997-ல் 'க்ரூவ் ஆன் ஃபைட்'. கதை இருபது வருஷம் தள்ளி நடக்கிறது. படம் வரைந்தது அற்புதம். கூட்டாளியாக வந்து விழுந்துபோனவனை அப்படியே தூக்கி எதிரி மேல் எறியலாம்! ஆனால் ஆட்களில் பெரும்பாலோர் புதுசு, முகங்களில் கடுகடுப்பு. பாட்டிகள் ரெண்டு பேரையும் முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டி ஒரே ஆளாக்கிவிட்டார்கள். சண்டைக்காரச் சகோதரிகளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. தொழில் சுத்தம் கூடியது, சிரிப்பு குறைந்தது. 2003-ல் 'மேட்ரிமெலீ' என்று கல்யாணத்துக்கு ஆள் பிடிக்கும் போட்டியாக வந்தபோதுதான் பழைய கிறுக்குத்தனம் திரும்பியது.

இந்த வரிசைக்கு இன்னொரு வழக்கம் உண்டு. சண்டை நடக்கும்போது பின்னணியில் பாடகர் குரலோடு முழுப் பாட்டு ஓடும். 2006-ல் வந்த பாகத்தின் பெயர் 'பொன்னோ காய்ஹோ'. ஆசாபாசங்களை அவிழ்த்துவிடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பாட்டு, 'லெட்ஸ் கோ! ஓன்ம்யோஜி'. ஓன்ம்யோஜி என்றால் பழைய ஜப்பானிய அரசவையில் நாள் நட்சத்திரம் பார்த்து, பேய் பிசாசு ஓட்டிய மந்திரவாதி. 2001-ல் அந்தப் பெயரிலேயே சினிமா வந்து சக்கைப்போடு போட்டது. இங்கே மந்திரவாதி நீள அங்கியும் உயரத் தொப்பியுமாக நின்று, கூட ஓர் இளவரசி, பின்னால் மொட்டைத் தலைச் சாமியார்கள் சகிதம், மூஞ்சியில் சிரிப்பே இல்லாமல் குதித்து குதித்து ஆடிப் பேய் ஓட்டுகிறார். ஒரு தடவை பார்த்தால் மூன்று நாள் காதில் ஒலிக்கும். ஆஸ்பத்திரியில் இதற்கு மருந்து இல்லை.

ஆட்டம் வந்தது, போனது. பாட்டு போகவில்லை.

2007 மார்ச் 6-ம் தேதி, ஜப்பானின் 'நிக்கோ நிக்கோ டோகா' வீடியோ தளம் தன் சொந்தக் கிடங்கில் படங்களை ஏற்ற ஆரம்பித்தது. பார்ப்பவர்கள் எழுதும் கமென்ட் படத்தின் மேலேயே வலமிருந்து இடமாக ஓடும் தளம் அது. முதல் நாளே யாரோ இந்த மந்திரவாதி ஆட்டத்தை ஏற்றினார்கள். நம்பர் எஸ்.எம். 9. அதற்கு முந்தைய எண்கள் இன்றைக்கு இல்லை. ஆக, அந்தத் தளத்தில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய வீடியோ நம்ம பாட்டி வீட்டுப் பாட்டு! பார்வைக் கணக்கு ஒரு கோடியைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. மந்திரவாதி தெரியாத அளவுக்குக் கமென்ட் மேல் கமென்ட். 2024 ஜூனில் தளத்தின் மேல் கம்ப்யூட்டர் திருடர்கள் பாய்ந்து, ரெண்டு மாசம் அது படுத்தே கிடந்தது. ஆகஸ்ட்டில் எழுந்து வந்தது. பேய் ஓட்டுகிறவரை வீட்டிலேயே வைத்திருந்தும் இந்த கதி என்பது வேறு விஷயம்.

இதில் சோகம் என்னவென்றால், ஒரு கோடிப் பார்வையில் ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தது கொஞ்சம்தான். 2009-ல் மெஷின்களுக்கு ஒரு திருத்திய பதிப்பு வந்தது. தலைப்பில் 'ஸென்ஸோ குயோ' என்று சேர்த்திருந்தார்கள். முன்னோர்களுக்குத் திவசம் என்று அர்த்தம்! அதற்கப்புறம் புதுப் பாகம் வரவே இல்லை. தலைப்பு வைத்தவர் வாயில் சர்க்கரை போடுவதா, வேறு எதையாவது போடுவதா தெரியவில்லை.

பி.காம். படித்தவனுக்கு இது புரியாத கணக்கு அல்ல. 'குட்வில்' என்று ஒன்று உண்டு. கடையின் நல்ல பெயர். சொந்தமாகச் சம்பாதித்த நல்ல பெயரை ஐந்தொகையில் சொத்தாகக் காட்டக் கூடாது என்பது விதி. யாராவது விலை கொடுத்துக் கடையை வாங்கினால்தான் அது எண்ணாக மாறும். அதுவரை பேரேட்டில் பூஜ்யம், தெருவில் பேச்சு. மார்க் போட்டவர்கள் பேரேட்டைப் பார்த்தார்கள். ரசிகர்கள் தெருவில் இருந்தார்கள்.

ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆட்டம் அத்தனை பிரமாதம் இல்லை என்பதும் நிஜம், மறக்க முடியவில்லை என்பதும் நிஜம். 1993-ல் பாட்டியைவிட அதிக மார்க் வாங்கிய சண்டை ஆட்டங்கள் எத்தனையோ. அதில் பலதின் பெயரை இன்றைக்கு யாராவது சொன்னால்கூட 'எது?' என்று கேட்போம்.

பல்செட்டை வீசிய பாட்டியை யாரும் 'எது?' என்று கேட்பதில்லை.