மனித உரிமைப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்புவோம்!



பொத்தேரி ரயில் நிலையத்தில் காலை நேரத்தில் இறங்கும் மாணவர் கூட்டத்தில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆம்பூரிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் வந்து அறை எடுத்துத் தங்கிப் படிப்பவர்கள். பெரும்பாலோர் பொறியியல், கொஞ்சம் பேர் சட்டம். சட்டம் படிக்கும் ஒரு மாணவருக்குச் சர்வதேச மனித உரிமை அமைப்பு ஒன்றில் 'இன்டர்ன்ஷிப்' எனும் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. மகிழ வேண்டிய அவருடைய அத்தா, கடையைப் பாதியில் விட்டுவிட்டு நம்மிடம் வந்து கேட்டார்: "சம்பளம் கிடையாதாம். போலீஸ் கண்ணும் படும். இது நமக்குத் தேவைதானா பாய்?"

தேவைதான் என்பதே நம் பதில்.

மக்காவுக்குச் சரக்கு கொண்டுவந்த யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் ஊர்ப் பிரமுகர் ஆஸ் இப்னு வாயில் பொருளை வாங்கிக்கொண்டு விலையைத் தர மறுத்தார். வெளியூர்க்காரருக்குக் கேட்க நாதியில்லை. அவர் அபூ குபைஸ் மலையேறி முறையிட்டதும், அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடியவர்கள், அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்பதென்று உடன்படிக்கை செய்தார்கள். அதுதான் ஹில்ஃபுல் ஃபுளூல். அதில் பங்குகொண்டபோது நம் நபி (ஸல்) அவர்களுக்கு ஏறத்தாழ இருபது வயது. நபித்துவத்திற்குப் பிறகும் அதைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார்கள். வியாபாரியின் பணத்துக்காகத் தொடங்கிய மனித உரிமைப் பணி இது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்கள் இதை அந்நியமாகப் பார்க்கலாமா?

நாம் பட்டது கொஞ்சமா? 1985இல் வந்த தடாச் சட்டத்தில் நாடெங்கும் 76 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்களோ மிகச் சொற்பம். 1993இல் அமைக்கப்பட்ட தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் நீதிபதி ரங்கநாத் மிஸ்ரா, 1995 பிப்ரவரியில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதி, இச்சட்டத்தை நீட்டிக்கக் கூடாது என்றார். அந்த மே மாதமே தடா காலாவதியானது. தெருவில் எழுந்த குரலோடு, கோப்பில் சேர்ந்த விவரமும் அதற்குக் காரணம். 1998இல் கோவையில் 58 உயிர்களைப் பறித்த குண்டுவெடிப்பு மன்னிக்க முடியாத கொடுமை. ஆனால் அந்த வழக்கில் கைதான அப்துல் நாசர் மதனி, குற்றமற்றவர் என்று 2007இல் விடுதலையாகும்வரை ஒன்பது ஆண்டுகள் சிறையில் கிடந்தாரே, அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தந்தது?

மேடையில் முழங்க நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமில்லை, இந்த ஏட்டை நடத்தும் நம்மையும் சேர்த்துத்தான். ஒரு சம்பவத்தைத் தேதி, நேரம், சாட்சி, மருத்துவச் சான்றோடு எழுதி வைக்கத்தான் ஆளில்லை. கைது செய்யும்போது நேரம் குறித்த குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ அப்பகுதியின் மரியாதைக்குரியவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். காவலில் இருப்பவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் மஹல்லாவில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் மனித உரிமை ஆணையம் விசாரிக்க முடியாது என்பது 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 36ஆவது பிரிவு. ஆணையத்தில் புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாது, தமிழிலேயே எழுதலாம். இதெல்லாம் தெரியாமல் இரண்டாண்டு கழித்துத் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். ஒரு மாதம் பயிற்சியில் இருந்த பிள்ளை ஊருக்கு ஒன்று இருந்தால் போதும், இந்தத் தவறு குறையும்.

அந்த அத்தாவின் அச்சத்தை நாம் தள்ளிவிடவில்லை. 1961இல் லண்டனில் தொடங்கி 1977இல் நோபல் பரிசு பெற்ற அம்னஸ்டியே, வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதால் 2020 செப்டம்பரில் இந்தியாவில் தன் பணியை நிறுத்திக்கொண்டது. ஆகவே சரக்கு எடுக்கும்முன் விசாரிப்பதுபோல, அமைப்பு எது, பதிவு உண்டா, பணம் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தே பிள்ளையை அனுப்புங்கள். வெளிநாட்டுப் பெயர்ப்பலகைதான் வேண்டும் என்பதில்லை. தேசிய மனித உரிமை ஆணையமே கோடையிலும் குளிர்காலத்திலும் மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறது. இரண்டு வார இணையவழிப் பயிற்சியும் நடத்தியிருக்கிறது. மதுரையில் 1995 முதல் மக்கள் கண்காணிப்பகம் இருக்கிறது.

பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறோம். 2001 முதல் 2009 வரை அம்னஸ்டியின் பொதுச் செயலாளராக இருந்தவர் வங்கதேசத்தில் பிறந்த ஐரீன் கான் என்ற முஸ்லிம் பெண்.

பயிற்சிக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நம் சமுதாயத்தின் குறையை மட்டும் சுமந்துகொண்டு போகாதீர்கள். பொத்தேரியிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரத்தில் போய்ச் சேரும் செங்கல்பட்டில், 1990களில் சிறப்பு முகாம் என்ற பெயரில் ஈழ அகதிகள் அடைத்து வைக்கப்பட்டார்கள். நம்மில் எத்தனை பேர் அவர்களுக்காக ஒரு மனு எழுதினோம்? இதே மாவட்டத்தின் இருளர் குடும்பங்கள் கொத்தடிமைகளாகக் கிடந்தபோது எங்கே இருந்தோம்? யமன் வணிகருக்காகக் கூடியவர்கள் அவர் எந்தக் குலம் என்று பார்க்கவில்லை.

மிச்சம் இருப்பது செலவு. 2015இல் ஜெனீவாவில் ஐ.நா.வில் சம்பளமில்லாப் பயிற்சிக்குச் சேர்ந்த நியூசிலாந்து இளைஞர் ஒருவர் கூடாரத்தில் தங்கியது உலகச் செய்தியானது. பணமுள்ள வீட்டுப் பிள்ளைகளே இந்தப் பயிற்சிக்கு வர முடிகிறது. பொறியியல் கட்டணத்துக்கு உதவித்தொகை தரும் நம் தனவந்தர்கள், சட்ட மாணவர் ஒருவரின் ஒரு மாத வாடகையையும் ரயில் டிக்கெட்டையும் ஏற்கக் கூடாதா? ஜி.எஸ்.டி. சாலையில் கடை வைத்திருக்கும் பத்துப் பேர் கூடினால் முடிகிற காரியம் இது. பயன்பெறும் மாணவர் திரும்பி வந்ததும், வாரம் ஒருநாள் இஷாவுக்குப் பிறகு தன் மஹல்லாவில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மனு எழுதித் தரட்டும். அதை மட்டும் நிபந்தனையாக வைப்போம். அந்த அத்தாவிடமும் இதையே சொல்லி, பிள்ளையின் வாடகை எவ்வளவு ஆகும் என்று கேட்டு வைத்திருக்கிறோம்.