வெட்டாத வயலுக்கு வெட்டுக்கூலியா?

கந்தளாய்ப் பகுதியில் மீளக் குடியேறிய குடும்பங்களின் வளவுகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி இது: இடுப்பளவில் நின்றுபோன சுவர், ஈரத்தில் கல்லாய் இறுகிய சீமெந்துப் பை. "காசு முழுவதையும் வாங்கிப் போன மேசனை இரண்டு மாதமாய்க் காணோம், பாதர்" என்கிறார் வீட்டுக்காரி.

இந்த இழப்பு இரட்டிப்பானது. 2012 ஒக்டோபரில் வடக்கு கிழக்கில் தொடங்கிய இந்திய வீடமைப்புத் திட்டக் கட்டத்தில், புதிய வீடு ஒன்றுக்கு 550,000 ரூபா குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கே தவணையாக வந்தது. ஒரு கட்ட வேலை முடிந்தால்தான் அடுத்த தவணை. தவணையாக வரும் எந்த உதவியிலும் மேசன் மறைந்தால், கொடுத்த காசும் போகும். வரவேண்டிய காசும் நிற்கும்.

மேசன்மார் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். ஒரே காலத்தில் பல வீடுகள் எழும்பும்போது ஒருவரே நாலு இடத்தில் முற்பணம் வாங்கிவிடுகிறார். எந்த வீட்டில் கேள்வி இல்லையோ, அந்த வீடு கடைசியாகிறது.

வெட்டாத வயலுக்கு வெட்டுக்கூலி கொடுப்போமா? வீட்டு வேலைக்கும் அதுவே நியாயம். சாமான்களை நாமே வாங்குவோம். அத்திவாரம், சுவர், கூரை என்று பிரித்துக் கூலி பேசி, முடிந்த வேலைக்கு மட்டும் கொடுப்போம். தொகையையும் நாளையும் கொப்பித் தாளில் எழுதி, கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளர் முன்னிலையில் இருபகுதியும் ஒப்பமிடுவோம். அயலில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரே மேசனைப் பிடித்தால், அவருக்கும் தொடர்ந்து வேலை, எமக்கும் காவல்.

கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. முகாமில் கொடுத்ததை வாங்கிப் பழகிவிட்டோம். சொந்த வளவில் கேட்டு வாங்கப் பழகுவோம்.