காசநோயா, சூடோமோனாஸா? மெலியாய்டோசிஸைக் காட்டிக்கொடுக்கும் ஒரு மரபணு!

வயல் வேலை செய்பவருக்கு விடாத காய்ச்சல். ஏற்கெனவே சுகர் இருக்கு. எக்ஸ்ரேயில் நுரையீரலில் திட்டுகள் தெரிய, காசநோய் மருந்து தொடங்குகிறார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தத்தை கல்ச்சருக்கு அனுப்பினால் 'சூடோமோனாஸ்' என்று ரிசல்ட் வருகிறது. மெலியாய்டோசிஸ் நோயாளிகள் பலரின் கதை இப்படித்தான் போகிறது.

மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் பர்கோல்டீரியா சூடோமேலை என்ற பாக்டீரியாதான் காரணம். ரங்கூனில் பணியாற்றிய விட்மோரும் கிருஷ்ணசாமியும் 1912-லேயே இந்த நோயைப் பற்றி எழுதிவிட்டார்கள். ஆனாலும் பல லேப்களுக்கு இன்றும் இது புதுப்பெயர். உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 1,65,000 பேருக்கு இந்த நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது 2016-ல் வெளியான ஒரு மதிப்பீடு. இதில் பெரும்பங்கு தெற்காசியாவுக்கு.

சரி, கண்டுபிடிப்பதில் என்ன சிக்கல்? இதற்கு தாய்லாண்டென்சிஸ் என்று ஒரு 'தம்பி' இனம் உண்டு. அதுவும் மண்வாசிதான், ஆனால் மனிதரைத் தாக்குவது மிக அரிது. பாக்டீரியாவின் இனத்தை அறிய வழக்கமாகப் பார்க்கும் 16எஸ் மரபணு, இந்த இரண்டிலும் கிட்டத்தட்ட 99% ஒன்றுதான். தானியங்கிக் கருவிகளும் சிலசமயம் 'தம்பி'யின் பெயரையோ, செபேசியா என்ற இன்னொரு உறவின் பெயரையோ சொல்லிவிடுகின்றன.

இங்கேதான் டிடிஎஸ்1 கைகொடுக்கிறது. பாக்டீரியா தன் புரதங்களை ஊசிபோல மற்ற செல்லுக்குள் செலுத்தும் அமைப்புக்கான மரபணுத் தொகுப்பு இது. சூடோமேலையில் இருக்கும், தாய்லாண்டென்சிஸில் இருக்காது. பிசிஆர் சோதனையில் இதன் ஒரு சிறு துண்டைத் தேடினால் போதும். வேடிக்கை என்னவென்றால், மனிதரைத் தாக்க இந்தக் கிருமி முக்கியமாகப் பயன்படுத்துவது வேறொரு தொகுப்பை. டிடிஎஸ்1 தாவர நோய்க்கிருமிகளில் இருப்பதைப் போன்றது. அடையாளக் குறிக்கு ஆபத்தான மரபணுவே வேண்டும் என்றில்லை, பக்கத்து இனத்திடம் அது இல்லாமல் இருந்தால் போதும்!

பெயர் மாறினால் மருந்தும் மாறும். ஜென்டமைசின் இதற்குப் பொதுவாகக் கேட்காது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனெம் ஊசி குறைந்தது 10 முதல் 14 நாள், பிறகு கோ-டிரைமாக்ஸசோல் மாத்திரை குறைந்தது 3 மாதம் தேவை.

கொரோனா காலத்தில் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு வந்த ஆர்டி-பிசிஆர் கருவிகளை இதற்கும் பயன்படுத்த வேண்டும். எல்லா சாம்பிளுக்கும் தேவையில்லை. கல்ச்சரில் வளர்ந்த கிருமி ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல், கோ-அமாக்ஸிக்ளாவுக்கு அடங்கினால் டிடிஎஸ்1 சோதனைக்கு அனுப்பலாம். சந்தேகம் வந்த உடனே டாக்டருக்கு போன் போக வேண்டும், ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்கக் கூடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கல்ச்சர் செய்யாமல் ரத்தத்தில் நேரடியாக பிசிஆர் பார்த்தால் பல நோயாளிகள் தப்பிவிடுவார்கள், ரத்தத்தில் கிருமி அவ்வளவு குறைவு. கல்ச்சரும் எல்லோரையும் பிடிப்பதில்லை. அதனால் ஒருமுறை நெகட்டிவ் வந்ததும் ஃபைலை மூடாமல், ரத்தத்தோடு சளி, சிறுநீர், சீழ் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பிப் பார்க்க வேண்டும்.