புண் ஆற்றும் வீரம்

போர்க்களத்தில் படைக்கலம் ஏந்தி நிற்பவனே வீரன் என்று கருதுவோர் பலர். அங்குப் பட்ட புண்ணை ஆற்றுவதற்கும் வீரம் வேண்டும். தமிழர் இதனைப் பண்டே உணர்ந்திருந்தனர். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில், வாடைக்காற்று வீசும் நள்ளிரவில் பாண்டிய மன்னன் உறங்காது பாசறையில் உலவி, புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் கூறுகிறான். மதுரையை ஆண்ட நெடுஞ்செழியனே அவன் என்பர் அறிஞர். புண்பட்டவன் இல்லத்தில் மகளிர் வேப்பிலை செருகி, வெண்சிறுகடுகு புகைத்து, இசைபாடிக் காத்தமையைப் புறநானூறு காட்டுகிறது.

அம்மகளிர் இல்லத்தில் இருந்து பணிபுரிந்தனர். இக்காலப் படைச் செவிலியரோ போர்முனையை அடுத்த மருத்துவமனைகளிலும் பணிபுரிய நேர்கிறது. அங்கு அவர்களுக்கு உண்டாகும் இடர்கள் பல. குருதி பெருகும் புண்ணைத் தூய துணியால் உடனே அழுத்திக் கட்டவேண்டும். சில நிமிடம் தாழ்ப்பினும் உயிர் பிரியலாம். இரவில் விளக்கேற்றினால் பகைவர் விமானம் கண்டுகொள்ளும். ஏற்றாவிடில் புண் புலப்படாது. மருந்தும் கட்டுத்துணியும் வேண்டிய அளவு கிடைப்பது அரிது.

இவற்றினும் கொடியது ஒன்று உண்டு. ஒரே வேளையில் பலர் கொணரப்படும்போது யாரை முதலில் கவனிப்பது? உரத்துக் கதறுபவனுக்கு மூச்சேனும் இருக்கிறது; ஓசையின்றிக் கிடப்பவனின் உயிரோ ஊசலாடிக் கொண்டிருக்கலாம். இரக்கம் கதறுபவனிடம் இழுக்கும். அறிவு மற்றவனிடம் செல்லச் சொல்லும். அறிவின்வழி நடப்பதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும்!

இரண்டாம் உலகப் போரில் தமிழ்ப் பெண்கள் இத்தகைய இடர்களை நேரிற் கண்டனர். 1943-ஆம் ஆண்டில் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூரில் அமைத்த ஜான்சி ராணிப் படைக்கு, சென்னையிற் பிறந்த மருத்துவர் இலட்சுமி தலைமை தாங்கினார். தமிழ்நாட்டிலிருந்து மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பிழைக்கச் சென்ற குடும்பங்களின் பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். 1944-இல் இம்பால் போரில் புண்பட்டும், மலேரியாவாலும் வயிற்றுப்போக்காலும் நலிந்தும் திரும்பிய வீரரைப் பர்மாவின் மேமியோ நகரில் அப்படை மகளிர் பேணினர். துப்பாக்கி ஏந்தப் பயின்ற கைகள் அங்கே புண்ணைக் கழுவிக் கட்டின. அப்பணி போர்ப்பணியினும் தாழ்ந்ததன்று.

செவிலிக்கு அன்புள்ளம் ஒன்றே போதும் என்பர் சிலர். அது பொருந்தாது. அன்பு புண்பட்டவன் அருகே அழைத்துச் செல்லும். பயிற்சியே அவன் உயிரைக் காக்கும். ஆதலின் செவிலியரை அன்னையர் எனப் புகழ்வதோடு அமையாது, உரிய பயிற்சியும் கருவிகளும் பாதுகாப்பும் அளித்தல் நாட்டின் கடமை. இந்தியாவில் 1888-இல் தோன்றிய படைச் செவிலியர் பணியைச் சேர்ந்தோர் இன்று அதிகாரிகளாக மதிக்கப்படுகின்றனர். புண்பட்டவன் பகைவனாயினும் பேணவேண்டும் என்றும், அவனைப் பேணுவோரைத் தாக்கலாகாது என்றும் 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை விதிக்கிறது. அவ்விதியை மீறுவோர் இன்றும் உளர் என்பது உலகிற்கு இழுக்கன்றோ?

முதலுதவி போர்முனைக்கு மட்டும் உரியதன்று. மதுரைச் சாலையிலோ வைகைக் கரை வயலிலோ ஒருவர் அடிபட்டு வீழ்ந்தால், சூழ்ந்து நின்று பார்ப்போர் பலர். குருதியை நிறுத்த அறிந்தோர் சிலர். சாரண இயக்கத்திலும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கத்திலும் சேர்ந்து இக்கலையைப் பயிலுதல் மாணவர்க்கு இயலும். அதனை இளமையிலேயே கற்று, அச்சிலருள் ஒருவராக ஒவ்வொருவரும் விளங்குதல் வேண்டும்.